எஸ்டிமேட் சீட்டு

தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடித்தும் கொடுப்பேன். ஊரில் யார் எங்கே ஏமாந்தார்கள் என்பது, மெஷின் கண்ணாடி மேல் கவிழ்க்கிற காகிதத்திலேயே தெரிந்துவிடும். கொஞ்ச நாளாக அடிக்கடி வருவது ஒரு ரோஸ் நிற அரைத்தாள். மேலே ‘எஸ்டிமேட்’ என்று அச்சு. கடைப் பெயர் கிடையாது, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, போன் நம்பரும் கிடையாது. ‘மிக்ஸி 1, 3,400’ என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல். அவ்வளவுதான்.

கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒரே கடைத்தெருக் கடையைத்தான். கதையும் ஒன்றுதான். “பில் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டி சேர்த்துக் கட்டணும், கேஷா கொடுங்க, இருநூறு குறைச்சுக்கிறேன்.” இதில் முதல் பாதியே பொய். பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை, அதற்கு மேல் வரி கேட்க முடியாது. கேஷ் கேட்பது எதற்கு என்றால், ஜிபேயில் போட்டால் யாருக்குப் பணம் போனது என்று போனிலேயே பதிவு நிற்குமே!

மாரியம்மன் கோயில் தெரு அக்கா ஒருவர் வாங்கிய மிக்ஸி, இட்லிப்பொடி அரைக்கும்போதே புகைந்துவிட்டது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாரண்டி கார்டில் கடை சீல் வைக்கிற இடம் வெறுமையாக இருக்கிறது. சீல் இல்லாத கார்டைக் கம்பெனி சர்வீஸ்காரர் கையால் வாங்கவே இல்லை. கடைக்காரரோ, கல்லாவுக்கு மேலே தொங்கும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ பலகையைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்தப் பலகைக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்காமல் இருப்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் நியாயமற்ற வணிகம் என்றே சொல்கிறது. திரும்ப எடுப்பதற்குப் பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் சட்டத்துக்கா பயப்படுகிறார்? அலைச்சலுக்கு யாரும் துணிய மாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு.

அது பொய்யும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டால் புகாரைப் பதிந்து சம்பந்தப்பட்டவருக்கு அனுப்புவார்கள், சமரசம் பேசுவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் வாய்தா வருஷக்கணக்கில் இழுப்பதை எத்தனையோ பேர் பார்த்தாயிற்று. மூவாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் பஸ் ஏறுவது? “விடு, போனது போகட்டும்” என்று வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். அந்தக் கடை ஓடுவதே இந்த ஒரு வாக்கியத்தில்தான் என்பேன்.

அக்கா விடவில்லை. மிக்ஸியை விட அந்தப் பலகை மேல்தான் அவருக்குக் கோபம். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன், பதிவுத் தபாலில் போனது. கடைக்காரர் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்திருக்கிறது, பதில் மட்டும் வரவில்லை. அடுத்தது ஆணையத்துக்கு மனுதான்.

ஒரே கடையால் ஒரே விதமாக ஏமாந்தவர்கள், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனுப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ரோஸ் சீட்டு வைத்திருப்பவர்கள் என் கடைக்குக் கொண்டு வாருங்கள். வாங்கி இரண்டு வருஷத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மட்டும் ஜெராக்ஸ் காசு வாங்க மாட்டேன்.