மட்ட மத்தியான வெயில்ல ஐஆர் சிக்னல் புடிக்கிறது

ஐஆர் (கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம்) சென்சார் வாங்கி விளையாடுறவங்க எல்லாரும் ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் கேக்குற கேள்வி இது. வூட்டுக்குள்ள நல்லா வேலை செய்யுது, வெளிய எடுத்துனு போனா சுத்தமா செத்துடுது, ஏன்? எங்க தெரு பாலிடெக்னிக் பையன் ஒருத்தன் போர்டை தூக்கினு வந்து "இன்னாணா இது, கெயின் எவ்ளோ ஏத்துனாலும் அஞ்சு வோல்ட்லயே ஒட்டினு நிக்குது"ன்னான். கெயின, அதாவது சிக்னல பெருக்குற அளவ, ஏத்துனா அப்படித்தான் நிக்கும், அத மொதல்ல எறக்குன்னு சொன்னேன், அவனுக்கு நம்பிக்கையே வரல. அவனுக்கு சொன்னதையே கொஞ்சம் வெவரமா இங்க எழுதுறேன்.

எனக்கு இந்த வேலை வந்தது மாமாவோட கொல்லையால. அணைக்கட்டு ஊரு பக்கம் மல்லாட்டை போட்டிருக்காரு, வேலி இல்லாத பக்கம் ஒரு பத்து மீட்டர் இருக்கும், ஆளுங்க சாப்பாட்டுக்கு போற நேரமா பாத்து ஆடுங்க அது வழியா பூந்துடுது. அந்த எடத்துல குறுக்கால ஒரு ஐஆர் வெளிச்சக் கத்தைய (பீம்) விட்டு, ஆடு அத மறைச்சா பஸ்ஸர் அடிக்கணும், அது தான் வேலை. ராத்திரின்னா எந்த ஐஆர் பீம வெச்சாலும் ஓடும், ஆடு வர்றது உச்சி வெயில்ல. அதுவும் வேலூர் வெயில்.

மொதல்ல ஒரு கணக்கு. பிபிடபிள்யூ 34ன்னு எல்லா கடையிலயும் கெடைக்கிற, வெளிச்சம் பட்டா கரண்ட் தர்ற போட்டோடையோடு, அதோட முகம் வெறும் 7.5 சதுர மில்லிமீட்டர் தான். அத மல்டிமீட்டர்ல மில்லிஆம்பியர் ரேஞ்சுல போட்டு நேரா சூரியனுக்கு காட்டுங்க, 2 மில்லிஆம்பியருக்கு மேலயே காட்டும். நம்ம எல்இடி வெளிச்சம் எதிர்ல பட்டு திரும்பி வந்து அதே டையோடுல குடுக்குறது நானோஆம்பியர் கணக்கு. அதாவது வெயில்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு. எல்லாரும் போடுற மாதிரி 1 மெகாஓம் ரெசிஸ்டர் போட்ட ஆம்ப்ளிஃபயர்னா வெறும் 5 மைக்ரோஆம்பியர்லயே 5 வோல்ட்ட தொட்டு நின்னுடும், அதுக்கு மேல எந்த சிக்னல் வந்தாலும் தெரியாது. பையன் போர்டுல நடந்தது இது தான்.

இதுக்கு வழி சுலபம், ரெசிஸ்டர 1 கிலோஓம் ஆக்குங்க, 2 மில்லிஆம்பியர் போனாலும் 2 வோல்ட் தான் விழும், டையோடு வேலை செய்ய வேண்டிய எதிர்த்திசை வோல்டேஜ் (ரிவர்ஸ் பயாஸ்) மிச்சம் இருக்கும், அப்புறம் ஒரு கெப்பாசிட்டர் வழியா எடுத்தா வெயிலோட நிலையான கரண்ட் அங்கயே நின்னுடும், எல்இடிய வேகமா ஆன் ஆஃப் பண்ணி குடுத்த துடிப்பு மட்டும் தாண்டி வரும். கெயின் எல்லாம் அதுக்கு அப்புறம் தான்.

ஆனா இத்தோட முடியல, நெறைய பேர் இங்க தான் நிறுத்திடுறாங்க. நிலையான வெளிச்சத்த கெப்பாசிட்டர் தடுத்துடுச்சு, சரி, ஆனா வெளிச்சம் ஃபோட்டான் ஃபோட்டானா தாறுமாறா வர்றதால அந்த கரண்டுக்குள்ளயே ஒரு இரைச்சல் இருக்கு, ஷாட் நாய்ஸ். 1 மில்லிஆம்பியர் ஓடுனா ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு 18 பிகோஆம்பியர், நம்ம சர்க்யூட் ஒரு 20 கிலோஹெர்ட்ஸ் அகலம் பாத்தா, அகலத்தோட வர்க்கமூல கணக்குல மொத்தம் 2.5 நானோஆம்பியர். நம்ம சிக்னலே அவ்ளோ தான! இத எந்த கெப்பாசிட்டரும் தடுக்காது, வெல அதிகமான ஆப்ஆம்ப் (சிக்னல பெருக்குற சிப்) வாங்கி போட்டாலும் போவாது, ஏன்னா இது ஆப்ஆம்ப்போட இரைச்சலே இல்ல, சூரியனோடது. வெளிச்சம் டையோடு மேல பட்டதுக்கு அப்புறம் அத யாராலயும் பிரிச்சு எடுக்க முடியாது, அதனால படுறதுக்கு முன்னாடியே தடுக்கணும். இந்த ஒன்ன மட்டும் மனசுல வெச்சுக்கினா போதும், மத்ததெல்லாம் தானா வரும். வெயில நூத்துல ஒரு பங்கா கொறைச்சா இரைச்சல் பத்துல ஒரு பங்கா எறங்கும், அது வர்க்கமூல கணக்கு.

தடுக்குறதுக்கு மொத வேலை குழாய். ஒரு இஞ்ச் பிவிசி பைப் ஒரு சாண் நீளம் வெட்டி அதுக்குள்ள டையோட வெச்சா எதிர்ல இருக்குற சின்ன வட்டம் மட்டும் தான் தெரியும், வானமும் தரையும் தெரியாது. ஆனா ஒன்னு கவனிங்க, வெள்ள பிவிசி கண்ணுக்கு தான் மறைப்பு, ஐஆர் அதோட சுவர் வழியாவே கொஞ்சம் உள்ள வரும். கருப்பு துணி சுத்துனா ஆச்சுன்னு நெனைக்காதீங்க, சாயம் போட்ட கருப்பு துணி நெறைய ஐஆர்ல பளிச்சுன்னு வெள்ளையா இருக்கும். கண்ணுக்கு கருப்பா இருக்கறதுக்கும் நம்ம ஐஆர் எல்இடியோட அலைநீளமான 940 நானோமீட்டருக்கு கருப்பா இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் பண்ணது, மண்ணெண்ண விளக்கு மேல ஒரு தகரத்த புடிச்சு கரி எடுத்து, கொஞ்சம் ஃபெவிகால் தண்ணில கலக்கி பைப்புக்குள்ள பூசி காய விட்டேன். கரி கார்பன், அது ஐஆரையும் சேத்து முழுங்கிடும். வெளிய அலுமினிய ஃபாயில் ஒரு சுத்து. சந்தேகமா இருந்தா மீட்டர மாட்டி பைப்ப மூடி வெயில்ல காட்டி பாருங்க, கரண்ட் எவ்ளோ கசியுதுன்னு அதுவே சொல்லிடும்.

அடுத்தது எந்தப் பக்கம் பாக்க வெக்கிறது. வடக்கு பாத்து வெச்சா சூரியன் உள்ள வராதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது வடக்கத்திய நாடுங்களுக்கு முழுசா பொருந்தும், நமக்கு அப்படியே பொருந்தாது. வேலூர் கிட்டத்தட்ட 12.9 டிகிரி வடக்கு, ஏப்ரல் கடைசி வாரத்துலருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் மத்தியான சூரியன் நம்ம தலைக்கு வடக்கால தான் போவுது. கத்திரி வெயில் முழுக்க அந்த கணக்குல தான் வருது. நல்ல வேளை, அந்த மாசங்கள்ல மத்தியானம் அது 79 டிகிரிக்கு கீழ எறங்கறதே இல்ல, அதனால படுக்க வெச்ச குழாய்க்குள்ள நேரா விழாது. கெழக்கு மேற்கா வெச்சா தான் காலைலயோ சாயங்காலமோ நேரா கண்ணுல குத்தும். வடக்கோ தெற்கோ பாத்து வைங்க.

அப்புறம் ஃபில்டர். பகல் வெளிச்சத்த தடுக்குற கருப்பு மூடி போட்ட பிபிடபிள்யூ 34எஃப்னு ஒன்னு வருது, கெடைச்சா அதையே போடுங்க. எல்இடி 850 வாங்காம 940 வாங்குங்க, காத்துல இருக்குற நீராவி 940 பக்கத்துல சூரிய வெளிச்சத்த கொஞ்சம் உறிஞ்சிடுது, அந்த எடத்துல வெயில் ஒரு குழி விழுந்த மாதிரி கம்மியா இருக்கும். நமக்கு இயற்கையே பண்ணி குடுத்த உதவி, விடக்கூடாது.

இப்ப எல்இடி. 10 மில்லிஆம்பியர்ல விடாம எரிய விடுறத விட, நூத்துல ஒரு பங்கு நேரம் மட்டும் 1 ஆம்பியர்ல அடிக்கிறது நல்லது. சராசரி கரண்ட் அதே தான், ஆனா ரிசீவர் அந்த நேரம் மட்டும் கண்ண தொறந்தா விடாம எரியறப்ப இருந்தத விட 10 மடங்கு தூக்கலா சிக்னல் இரைச்சலுக்கு மேல தெரியும். 50 மைக்ரோசெகண்டுக்கு 1 ஆம்பியர் தர்ற அளவுக்கு எல்இடி பக்கத்துலயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டேன், 0.1 வோல்ட் தான் எறங்குது. டிஎஸ்ஏஎல் 6200 மாதிரி எல்இடிங்க இந்த மாதிரி குட்டி துடிப்ப தாங்கும், விடாம குடுத்தா போச்சு, அதனால புரோக்ராம் நின்னா எல்இடியும் நிக்கிற மாதிரி வைங்க.

ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செய்யணுமே, அதுக்கு தான் எல்இடியையும் டையோடையும் ஒரே பெட்டில வெச்சு எதிர்ப்பக்கம் கம்பத்துல சைக்கிள் ரிஃப்ளெக்டர் ஒன்னு ஆணி அடிச்சிட்டேன். அது வெளிச்சத்த வந்த வழியே திருப்பி அனுப்பும், அந்தப் பக்கம் ஒயரும் வேணாம், கரண்டும் வேணாம். ஒரே ஆர்டுயினோ (புரோக்ராம் ஓடுற குட்டி கம்ப்யூட்டர் போர்டு) எல்இடி எரியும்போது ஒரு ரீடிங், அணைஞ்சதும் ஒரு ரீடிங், கழிச்சு கூட்டினே போவும். நூறு ஜோடிய சராசரி எடுத்தா இரைச்சல் பத்துல ஒன்னா கொறையும். இது பழைய வித்தை தான், 1946லயே இயற்பியல்காரர் ராபர்ட் டிக்கி ரேடியோ அலைக்கு இதே மாதிரி மாத்தி மாத்தி பாத்து கழிச்சாரு, ஐஆர்ல நட்சத்திரம் பாக்குறவங்களும் நட்சத்திரத்தையும் பக்கத்து வெறும் வானத்தையும் மாத்தி மாத்தி பாத்து தான் கழிக்கிறாங்க. எங்க பழைய வடஆற்காட்டு ஜவ்வாது மலை காவலூர்ல 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கு, அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வந்துடும்.

டிவி ரிமோட்டுக்கு வர்ற டிஎஸ்ஓபி 1738 போட்டா ஆவாதான்னு கேப்பீங்க. அது விட்டு விட்டு வர்ற 38 கிலோஹெர்ட்ஸ எதிர்பாத்து செஞ்சது, விடாம அடிச்சினே இருந்தா அதயே இரைச்சல்னு நெனச்சு தானா கெயின எறக்கிக்கும். பீமுக்கு டிஎஸ்எஸ்பி 4038னு தனியா இருக்கு, நெழல்ல அது போதும்.

இப்ப மாமா கொல்லைல உச்சி வெயில்ல ஓடுது. எல பறந்தா அடிக்காம இருக்க, தொடர்ந்து கால் செகண்ட் மறைஞ்சா தான் பஸ்ஸர். மாமா "மாப்ள, ஆட்டுக்கு முன்னாடி நான் போனாலும் கத்துதே"ன்னாரு, அதுக்கு ஒரு சுவிட்ச் வெச்சு குடுத்தாச்சு. இன்னும் பாக்க வேண்டியது சூடு. மூடுன பெட்டி வெயில்ல சுலபமா 65 டிகிரி தாண்டும், இந்த எல்இடி வெளிச்சம் ஒரு டிகிரிக்கு 0.6 சதவீதம் கணக்குல எறங்குது, 25லருந்து 65க்கு போனா கால்வாசி போச்சு. பெட்டிக்கு வெள்ள பெயிண்ட் அடிச்சு மேல ஒரு ஓல தட்டி கட்டியிருக்கேன், அடுத்து உள்ள சூட்ட அளக்குற ஒரு தெர்மிஸ்டர் வெச்சு சூட்டுக்கு ஏத்த மாதிரி அளவ மாத்தப் போறேன்.