புல் தின்னும் மீனும் புண்ணாக்குக் கணக்கும்

ஒரத்தநாடு பக்கம் எங்கள் குளத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கரையில் நிற்கும் கோ-4 தீவனப்புல்லைப் பற்றித்தான். பாதி மாட்டுக்கு, பாதி மீனுக்கு. "மாட்டுக்கே போட்டாலும் பாலாவது கறக்கும் மாப்ள" என்பார் மாமனார்.

புல்கெண்டைக்குத்தான் அந்தப் புல். சீனத்து மீன், 1959-இல் இந்தியாவுக்கு வந்தது. கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது. தொண்டைப் பற்களால் புல்லைக் கிழித்து அப்படியே குடலுக்கு அனுப்பிவிடும். புல் தின்கிற உயிருக்கு வேண்டிய அளவு நீளமான குடலும் இதற்கு இல்லை. ஆகவே தின்றதில் கிட்டத்தட்ட பாதி செரிக்காமலே வெளியே போகிறது. எனக்கு அதுதான் லாபம். அந்தக் கழிவுதான் தண்ணீருக்கு உரம். அதில் பெருகும் நுண்ணுயிர்களை மேல்மட்டத்தில் கட்லாவும் நடுவில் ரோகுவும் தின்கின்றன. அடியில் படிவதை மிர்கால் பார்த்துக்கொள்கிறது. புல்கெண்டை இல்லாத குளத்தில் புல்லைப் போட்டால் அழுகல்தான் மிஞ்சும்.

சின்னக் குஞ்சுக்குப் புல் ஆகாது. விரல் நீளத்தைத் தாண்டிய பிறகு முதலில் தண்ணீரில் மிதந்து வளரும் சின்னச் செடியான அசோலா, அப்புறம் பொடியாக நறுக்கிய புல். மூங்கில் சட்டத்தை மிதக்கவிட்டு அதற்குள் போட்டால் காற்றில் ஒதுங்காது; மிச்சத்தை அள்ளுவதும் சுலபம்.

அசோலாவைப் பற்றி ரொம்பத்தான் அளக்கிறார்கள். 20 முதல் 30 சதவீதம் புரதம் என்பது உண்மைதான், ஆனால் அது காய்ந்த எடைக்கு. பச்சையாக அள்ளினால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கூடை நிறையப் போட்டுவிட்டு மீன் பருக்கவில்லை என்று அலுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

மற்ற மீன்களுக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம எடையில். புண்ணாக்கை முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் தவிட்டோடு பிசைந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டிக் குச்சியில் தொங்கவிடுகிறேன். ஆந்திராக்காரர்கள் பெரிய அளவில் செய்கிற முறை இது. மீன் முட்டி முட்டி வேண்டியதை எடுத்துக்கொள்ளும். வாரித் தெளித்தால் பாதி சேற்றுக்குத்தான்.

கடலைப் புண்ணாக்குப் புரதத்தில் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. சோயாவில் லைசின் பரவாயில்லை, ஆனால் பச்சை சோயா செரிமானத்தைக் கெடுக்கும். சூடுபடுத்தியதுதான் வாங்க வேண்டும். ஐப்பசி மழையில் புண்ணாக்கு மூட்டை ஈரம் வாங்கிப் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும், மீனின் ஈரலைத் தாக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று அந்த மூட்டையை வாங்காதீர்கள்.

விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அன்றைக்குப் புல்லும் கிடையாது, சாக்கும் கிடையாது. சட்டத்தில் மிச்சமிருப்பதை அள்ளிக் கரையில் போட்டுவிட்டு, மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் விடுவேன்.