ஊருணிக் கரையும் சிமென்ட் குண்டும்

அப்பா வார்த்துக் கொடுத்த குண்டு மளிகைக் கடைத் தராசில் 4 கிலோ 150 கிராம் காட்டியது. காவலர் தேர்வில் பெண்களுக்கான குண்டு எறிதலுக்கு 4 கிலோதான். "அந்த நூத்தம்பது கிராம் இருக்கட்டும்த்தா, அன்னைக்கு எறியும்போது லேசாத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு இறுக்கி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். என் குண்டுக்கும் அதே வைத்தியம்தான். ஓட்டை விழுந்த ரப்பர் பந்தை வெட்டி, அதற்குள் கலவையை இடித்து நிரப்பி, மறுநாள் ரப்பரை உரித்துவிட்டு, தொட்டியில் கற்களோடு கல்லாக ஒரு வாரம் ஊறப் போட்டார். எடுத்தபோது ஒரு பக்கம் கலர் ஏறிச் சிவந்து இருந்தது.

2023-இல் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். டிசம்பர் 10 எழுத்துத் தேர்வு, பிப்ரவரியில் கிரவுண்டு, அதாவது மைதானத்தில் நடக்கும் உடல் தேர்வு. இறுதிப் பட்டியலில் என் எண் இருந்தது. அதிலிருந்து கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கத்துத் தங்கைகள் பார்க்கும்போதெல்லாம் "அக்கா, பிசிகலுக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்கிறார்கள். வழியில் நின்று சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ரிசல்ட் வரட்டும், அப்புறம் ஓடிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ரிசல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கிடைப்பது சில வாரங்கள்தான். நான் எழுதிய தேர்வில் எழுத்துக்கு 70 மதிப்பெண், உடல்திறன் போட்டிகளுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. எழுத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தும் அந்த 24-இல் கோட்டை விட்டவர்களை எனக்கே தெரியும். என்னோடு நூலகத்தில் உட்கார்ந்து படித்த இரண்டு பேர், என்னைவிட நன்றாகப் படித்தவர்கள், தாண்டவும் எறியவும் பழகாமல் போனதால் பட்டியலில் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

விண்ணப்பித்த வாரமே ஊருணிக் கரையில் ஓட ஆரம்பித்தேன். அப்பாவின் டேப்பால் அளந்ததில் ஒரு சுற்று 240 மீட்டர் வந்தது. விடிவதற்கு முன் ஒரு பெண் தனியாக ஓடுவது எங்கள் ஊரில் புதுசு. அதனால் அப்பத்தா டார்ச் லைட்டோடு கூட வந்து படித்துறையில் உட்கார்ந்துகொள்ளும். நான் சுற்றி வரும்போதெல்லாம் ஒரு தடவை டார்ச்சை அடித்துக் காட்டும். யாராவது நின்று பார்த்தால், "என்னப்பா, தண்ணி எடுக்க வந்தியா?" என்று சத்தமாகக் கேட்கும். ஒரு மாதத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. மார்கழியில் வாசலில் கோலம் போடும் அக்காமார் "இன்னைக்கு எத்தனை சுத்து?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் நாள் நடப்பது உயர அளவும் 400 மீட்டர் ஓட்டமும். பொது, பி.சி., எம்.பி.சி. பெண்களுக்கு 159 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157. நான் 159-ஐ ஒட்டி நிற்கிறவள், அந்தப் பயம் ஆறு மாதமும் கூடவே இருந்தது. காலையில் எழுந்ததும் நாம் கொஞ்சம் உயரமாக இருப்போம், பகலெல்லாம் நின்று நடந்து முதுகெலும்பின் தட்டுகள் அழுந்தியதும் சாயங்காலம் குறைந்துவிடுவோம். வீட்டுச் சுவரில் கோடு போட்டுப் பார்த்ததில் எனக்கு அது முக்கால் சென்டிமீட்டர் வந்தது. அதனால் முந்தின நாளே சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கி, இரவு நன்றாகப் படுத்துத் தூங்கிவிட்டுப் போனேன். விடிய விடிய பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வந்து இறங்காதீர்கள். முடியைத் தூக்கிக் கொண்டை போட்டால் அங்கே அவிழ்க்கச் சொல்வார்கள், தாழப் பின்னிக்கொண்டு போங்கள்.

400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் முடிக்க வேண்டும். கணக்குப் போட்டால் 100 மீட்டருக்கு 37 நொடிக்கு மேலேயே இருக்கிறது, கொஞ்சம் பழகினவர்களுக்குக் கஷ்டமில்லை. ஆனால் விசில் அடித்ததும் எல்லோரும் பாய்வதைப் பார்த்து நாமும் பாய்ந்தால் பாதியில் மூச்சு வாங்கிவிடும். என் வரிசையில் 150 மீட்டர் வரை முன்னால் போன பெண் கடைசி வளைவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஓடு, ஓடு என்று கத்திக்கொண்டே நான் அவளைத் தாண்டினேன். வேறென்ன செய்ய முடியும்?

அதில் தேறியவர்களுக்குத்தான் ஸ்டார் போட்டிகள். இங்கே வாங்கும் ஸ்டாரை வைத்துத்தான் அந்த 24 மதிப்பெண். நீளம் தாண்டுதல் 3 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 3.75-க்கு இரண்டு. குண்டு எறிதல் 4.25-க்கு ஒன்று, 5.50-க்கு இரண்டு. குண்டு வேண்டாம் என்றால் கிரிக்கெட் பந்து, 17 மீட்டரும் 25 மீட்டரும். ஓட்டத்தில் 100 மீட்டர் 17.5 நொடி, 15.5 நொடி, அல்லது 200 மீட்டர் 38 நொடி, 33 நொடி. நான் 200 எடுத்தேன். 100 மீட்டரில் கிளம்பும்போது தடுமாறினால் ஈடுகட்ட இடமே இல்லை, எனக்கோ கிளம்புவதில்தான் மந்தம். 35-இல் முடித்து ஒரு ஸ்டார் வாங்கினேன்.

பொங்கல் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு ஓரமாக வலி வந்தது. மழையில் ஊருணிக் கரை வழுக்குகிறது என்று இரண்டு வாரம் தார் ரோட்டில், தேய்ந்த ஷூவோடு ஓடினதன் பலன். ஒருவர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஓடச் சொன்னார், நான்கு நாள் அதைக் கேட்டு வலியை இரட்டிப்பாக்கிக்கொண்டேன். அப்பத்தா தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பல வருஷம் நடந்த கால். நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து கிளம்பும்போது கூடவே போய்விடும். அது என் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நடக்கயில எட்டு எடுத்து வைக்க முடியலைன்னா மடத்துல உக்காந்துரணும் தாயி. முருகன் எங்கயும் போயிர மாட்டாரு" என்றது. ஒன்பது நாள் ஓடவே இல்லை. கல்லுப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்தேன், குண்டு மட்டும் எறிந்தேன். அப்புறம் புது ஷூ வாங்கி, செம்மண் பாதையில் மெதுவாக ஆரம்பித்தேன். ஒன்பது நாள் ஓடாததால் நான் பயந்தபடி ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நீளம் தாண்டுதலுக்குப் பள்ளிக்கூடத்து பி.இ.டி. டீச்சர்தான் உதவினார். மணல் இறுகிக் கல்லாகக் கிடந்தது, மண்வெட்டியால் நாங்களே கொத்திவிட்டோம். தாண்டினதும் பின்பக்கம் கையை ஊன்றுவது என் வழக்கம். பலகைக்கு எந்தத் தடம் கிட்டத்தில் இருக்கிறதோ அங்கிருந்துதான் அளப்பார்கள். கால் 3.60-இல் பதிந்திருக்கும், கை 3.20-இல். நாற்பது சென்டிமீட்டரைக் கையால் தொலைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மணலுக்கு அந்தப் பக்கம் நின்று, "என் கையைப் பிடிக்க வா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் முன்னால் விழப் பழக்கினார். கிரவுண்டில் 3.48 வந்தது. அன்று எனக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். அந்த நாட்களிலும் பயிற்சியை அடியோடு விட்டுவிடாமல் பாதியாவது செய்து வந்ததால் உடம்பு எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தது. நீங்களும் அப்படிப் பழகிக்கொள்ளுங்கள், தேதி நம்மைக் கேட்டு வைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேப்பைக் கூழ், ஊறவைத்த வேர்க்கடலை, இரண்டு அவித்த முட்டை. கிரவுண்டு அன்றைக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே இட்லி.

குண்டுதான் எனக்குப் பிடித்தது. உள்ளங்கையில் வைக்காமல் விரல்களின் அடியில் தாங்கி, தாடைக்குக் கீழே கழுத்தில் ஒட்டி வைத்து, காலால் உந்தித் தள்ள வேண்டும். பந்து மாதிரி வீசினால் தோள்பட்டை போய்விடும். அப்பாவின் குண்டு கையில் அடங்காது, சிமென்ட் என்பதால் அவ்வளவு பெரிசு. கிரவுண்டில் இரும்புக் குண்டைத் தூக்கினால் சாத்துக்குடியைவிடக் கொஞ்சம்தான் பெரிசாக இருந்தது. இத்தனை சின்னதா என்று கை தடுமாறி, ஐந்து மீட்டர் பக்கமாகப் போய் விழுந்தது. அந்தக் கலக்கத்தில் வட்டத்தின் முன்பக்கமாகவே நடந்து வெளியே வந்துவிட்டேன். பின்பாதி வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஃபவுல். அளக்கவே இல்லை.

அடுத்த வாய்ப்புக்கு முன் மண்ணை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டேன். எதிரே மைதானச் சுவருக்கு மேல் ஒரு தென்னை மட்டை தெரிந்தது. டீச்சர் சொன்ன மாதிரி அதைப் பார்த்துத் தள்ளினேன். விழுந்த பிறகும் வட்டத்துக்குள்ளேயே அசையாமல் நின்றேன், அளக்கிறவர் "பின்னால போம்மா" என்று சொல்லும் வரை. 5.71.

செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் யாருக்கும் சொல்ல முடியவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்பத்தா அதே டார்ச்சோடு நிற்கிறது. அப்பா வீட்டுத் திண்ணையில் இருந்தார். எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் டேப்பை எடுத்து வந்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து வாசற்படியில் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு தெருவில் நடந்தார். 5.71-இல் நின்று, குனிந்து, அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தார்.