எக்ஸ்ரே இங்கே

"தம்பி, எக்ஸ்ரே எங்கப்பா எடுக்குறாங்க?"

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டி கேட்டார். நின்றிருந்தது சரியாக அந்தப் பலகைக்குக் கீழே.

'கதிரியக்கவியல் துறை'. பளபளக்கும் ஸ்டீல் எழுத்துகள். பாட்டிக்குப் படிக்கத் தெரியும். எழுத்துக்கூட்டி எனக்கே வாசித்துக் காட்டினார்.

"அது வேற ஏதோ ஆபீஸுன்னு நெனச்சேன்."

பக்கத்துத் தூணில் ஓர் அட்டை. மருந்துப் பெட்டியைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவில் 'எக்ஸ்ரே இங்கே', கூடவே கோணலாக ஓர் அம்புக்குறி. வாட்ச்மேன் அண்ணன் எழுதியதாம். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாம். அதையும் ஒரு ஸ்ட்ரெச்சர் பாதி மறைத்துக்கொண்டு நின்றது.

ஜப்பானில் ஹிகாரி என்ற ஊரில் உமேதா மருத்துவமனை இருக்கிறது, தாய்சேய்க்கானது. 1998இல் கென்யா ஹரா என்ற ஜப்பானிய வடிவமைப்பாளர் அங்கே வழிகாட்டிப் பலகைகளை வெள்ளைப் பருத்தித் துணியில் வடிவமைத்தார். அழுக்கானால் கழற்றித் துவைத்து மாட்டலாம். இடம் சுத்தமானது என்பதையும் அந்தத் துணியே சொல்லிவிடும்.

சரி, நமக்குத் துணியெல்லாம் வேண்டாம். பலகை அடிக்கக் கொடுக்கும் முன் அந்த வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருக்கலாம். ஜனங்கள் என்ன வார்த்தை சொல்லிக் கேட்கிறார்கள் என்று காதில் விழுந்திருக்கும்.

பாட்டியை உள்ளே விட்டேன். அப்புறம், வரும் வழியில் அந்த ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.