பங்கருக்குள்ள அரம்

போன பெப்ரவரி பள்ளிக்கூட ஸ்போர்ட் லீவில மகள் ஸ்கியில, அதுதான் பனிச்சறுக்குப் பலகையில, ஓடேக்க ஐஸ் பிடிச்ச சரிவொண்டில நிக்கேலாமப் பக்கவாட்டா இழுபட்டுக்கொண்டே போய்க் கரையில கட்டியிருந்த வலையில விழுந்தவள். அடிபடேல்ல. ஆனா கீழ நிண்டு பாத்த எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு. ஸ்கி சொல்லிக் குடுக்கிற வயசான மனிசன் ஒருத்தர் வந்து அவளைத் தூக்கி விட்டிட்டு, ஸ்கியத் திருப்பி அந்த இரும்பு விளிம்புக்குக் குறுக்கால தன்ர பெருவிரல் நகத்த இழுத்தார். கூரான விளிம்பெண்டா நகம் வெள்ளைத் தூளாச் சீவுப்பட்டு வரும், ஒண்டும் வரேல்ல. "பிள்ளையில பிழையில்லை" எண்டு மட்டும் சொல்லிட்டுப் போட்டார்.

அந்தச் சொல் இண்டைக்கும் குத்துது. ஏனெண்டா மொட்டைக் கத்தி இருக்கிற வீட்டில வளந்தவன் இல்லை நான். அப்பப்பா தோட்டத்தால வந்து மண்வெட்டியக் கழுவித் துடைச்சு, திண்ணையில இருந்து அரம் போட்டாப் பிறகுதான் தன்ர கைகாலே கழுவுவார். அப்பிடி ஒரு வீட்டில இருந்து வந்தவன், பழசா வாங்கின ஸ்கிய விளிம்பையும் பாக்காமப் பிள்ளையின்ர காலில பூட்டி மலையில விட்டிருக்கிறன்.

சுவிசுக்கு வந்து இருபத்திரண்டு வருசம். இங்க எல்லாம் பழகீட்டுது எண்டுதான் ஆரும் கேட்டாச் சொல்லுறனான். குப்பை பிரிக்கிறது, உடுப்புத் தோய்க்க முறை எழுதிறது, ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடாம இருக்கிறது எல்லாம் கைவந்திட்டுது. ஆனா ஸ்கி தீட்டப் போன முதல் நாளே நான் எங்க இருக்கிறன் எண்டது மறந்து போச்சு, அதுக்குக் காரணம் அந்த இடம். எங்கட பில்டிங்கில சாமான் வைக்கிற நிலக்கீழ் அறையள் உண்மையில பங்கர். இந்த நாட்டில சனத்துக்கெல்லாம் பதுங்க இடம் இருக்கோணும் எண்டு 1963இல சட்டம் போட்டவங்கள், அதால கன வீடுகளுக்குக் கீழ தடிச்ச கொங்கிரீட் கதவோட இப்பிடி ஒண்டு இருக்கும். ஆக்கள் அதுக்குள்ள வைன் போத்திலும் சைக்கிளும் வச்சிருக்கினம். நான் ஒரு பலகையில இறுக்கிப் பிடிக்கிற வைஸ் பூட்டி, ஸ்கியப் படுக்க வச்சு, ஸ்கி கழண்டா நிப்பாட்டுற பிரேக் மேல வராம தடிச்ச றப்பர் பாண்டால இழுத்துக் கட்டிட்டு அரத்த எடுத்தன். முதல் இழுப்பில வந்த அந்தச் சத்தம் சுவரில பட்டுத் திரும்பி வரேக்க கை அப்பிடியே நிண்டிட்டுது.

ஊரில சண்டை நேரம் எங்கட பங்கர் பனங்குத்தி அடுக்கி மண்மூட்டை போட்டது. அதை வெட்டினது அப்பப்பாவின்ர அதே மண்வெட்டியால. ரெண்டடி போனாச் சுண்ணாம்புக்கல்லு, ஒவ்வொரு கொத்துக்கும் நெருப்புப் பறக்கும், பின்னேரம் பாத்தா வாய் முழுக்கப் பல்லுப் பல்லாப் போயிருக்கும். அண்டைக்கும் அவர் விளக்கு வெளிச்சத்தில இருந்து அரம் போட்டவர். நாளைக்கும் வெட்டோணுமெல்லோ.

கல்லில அடிபட்ட இரும்பு எவ்வளவு பிடிவாதம் எண்டு ஸ்கியிலயும் பாத்தன். மகளின்ர ஸ்கியில ஒரு சாண் இடத்தில அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டே போச்சு. கல்லில மோதின சூட்டில அந்த இடம் இறுகி அரத்தை விட வைரமாப் போயிடும். அதில அரத்தப் போட்டு அமத்தினா அரத்தின்ர பல்லுத்தான் போகும். முதல்ல டயமண்ட் கல்லால அந்த இறுக்கத்தத் தேச்சு எடுத்துப்போட்டுத்தான் அரம். அதுவும் ஒரு பக்கமா மட்டும், திரும்பி வரேக்க தூக்கி எடுக்கோணும். இதை ஒருத்தரும் எனக்கு ஜெர்மனில சொல்லித் தரேல்ல, கைக்கே தெரிஞ்சிருந்தது.

கைக்குத் தெரியாதது பாகைக் கணக்கு. ஸ்கி விளிம்புக்கு ரெண்டு முகம், பக்கத்து முகம் இவளின்ரயில 88 பாகை, அடி முகம் மட்டத்தில இருந்து 1 பாகை சரிவு. நான் பக்கத்தில மட்டும்தான் கை வைக்கிறது, அடிப்பக்கத்த அளவுக்கு மிஞ்சித் தேச்சிட்டா வீட்டில திருத்தேலாது, கடையில மெசினில குடுத்து முழு அடியையும் அரைக்கோணும். பாகைய விடாமப் பிடிக்க அரம் பூட்டுற கைட் இருக்கு, அதோட ஒரு மார்க்கர் பேனை. விளிம்பில மை பூசிட்டு ஒருக்கா மெல்ல இழுங்கோ, மை சமனா அழிஞ்சிருந்தாச் சரி, ஒரு ஓரம் மட்டும் அழிஞ்சிருந்தாப் பாகை பிழை. இதை விடக் கெட்டித்தனமான விசயம் நான் காணேல்ல. கடைசியாப் பிசிறு எடுக்க றப்பர் கல்லு, நுனியிலயும் வாலிலயும் கொஞ்சம் கூர் குறைச்சு விடுறது, அவ்வளவுதான்.

ஸ்கியின்ர அடியில அயனால மெழுகு உருக்கிப் பூசிற வேலையில எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை, ஆனா அடி வெள்ளை பூத்து வறண்டு கிடந்தாச் செய்யத்தான் வேணும். அயன் ஒரு இடத்தில நிக்கக்கூடாது, மெழுகு புகைஞ்சாச் சூடு கூட. ஆறவிட்டுப் பிளாஸ்டிக்கால சுரண்டி நுனியில இருந்து வாலுக்குப் பிரஷ் பண்ணோணும். கோடைக்கு வைக்கேக்க மட்டும் சுரண்டாம அப்பிடியே விட்டா விளிம்பு கறள் பிடிக்காது. சப்பாத்துப் பூட்டுற பைண்டிங்கில மட்டும் நான் கை வைக்கிறதில்லை. வருசா வருசம் கடையில மெசின் போட்டுச் செக் பண்ணச் சொல்லி இங்க விபத்துத் தடுப்பு நிலையம் சொல்லுது, அது பிள்ளையின்ர கால் எலும்பு விசயம்.

நேற்று இரவு மகள் கீழ வந்து முடிஞ்ச விளிம்பில நகத்த வச்சு இழுத்தாள். வெள்ளையா வந்திச்சு. அதைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டாள், பிறகு "மற்றதை நான் செய்யட்டோ அப்பா" எண்டு அரத்த வாங்கி முன்னுக்கும் பின்னுக்கும் தேய்க்கத் தொடங்கீட்டாள்.

"திரும்பி இழுக்காதையணை பிள்ளை, தூக்கி வை" எண்டன். நான் அப்பிடிக் கதைக்கிறேல்ல, அது அப்பப்பாவின்ர குரல். அவளுக்கு அது தெரியாது, தூக்கித் தூக்கி வச்சாள். ஒரு பக்கம் மிச்சம் இருக்கேக்க பத்து மணி ஆகீட்டுது, அதுக்குப் பிறகு இங்க சத்தம் போடேலாது. கொங்கிரீட் கதவை இழுத்துச் சாத்திட்டு ரெண்டு பேரும் மேல வந்தம்.