கார் நுழையாத சந்தில் வீடு வாங்கின கதை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடியும் "ஜெக்லெக்". லோடு தாங்காமல் மீட்டரில் சுவிட்ச் விழுந்தால் இங்கே அப்படித்தான் சொல்வார்கள், சத்தத்தையே சொல்லாக்கிவிட்டார்கள். எங்கள் இணைப்பு 2200 விஏ, அதாவது ஒரே சமயத்தில் இழுக்கிற மின்சாரத்துக்கு அதுதான் வரம்பு. மாடியில் வாடகைக்கு விட்டிருக்கிற இரண்டு அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தபோது மூன்றாவது அறைப் பெண் ரைஸ் குக்கரைப் போட்டிருக்கிறாள், கீழே நான் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன், அவ்வளவுதான். இருட்டில் தட்டுத்தடுமாறி வெளியே வந்து மீட்டர் பெட்டியைத் திறப்பதற்குள் எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியே டார்ச் அடித்து "நம்ம வீடு மட்டும்தான் மாஸ், எங்களுக்கெல்லாம் இருக்கு" என்றார் (மாஸ் என்றால் இங்கே அண்ணா மாதிரி). "நம்ம வீடு" என்று அவர் சொன்னதைக் கவனித்தேன்.

இந்தோனேசியாவில், நான் இருக்கிற சுரபாயாவில் வீடு வாங்கலாமா, அறை கட்டி வாடகைக்கு விட்டால் எவ்வளவு தேறும் என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிச் சலித்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. லாபக் கணக்கு மட்டும் வேண்டும் என்றால் கடைசிப் பக்கமாகத் தாவிவிடலாம், ஆனால் அந்தக் கணக்கைத் தனியாகப் பார்த்தால் நான் முட்டாள் மாதிரித் தெரிவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருப்பது காராங் மென்ஜாங்கான் பக்கம், குபெங் வட்டாரம். டாக்டர் சுதோமோ அரசு மருத்துவமனை நடக்கிற தூரம், ஆர்லாங்கா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியும் அதையொட்டியே இருக்கிறது. நர்ஸுகள், பயிற்சி மருத்துவர்கள், மாணவிகள், வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்து தங்குகிறவர்கள் என்று அறை தேடுகிற ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. மெயின் ரோட்டிலிருந்து வளைவு வைத்த நுழைவாயில், அதற்குள் இரண்டு மீட்டர் அகலச் சந்து. உள்ளே வந்ததும் பைக்கை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வரவேண்டும் என்று போர்டு இருக்கிறது. வேடிக்கைக்கு வைத்த போர்டு இல்லை அது. வந்த புதிதில் ஒருநாள் மழையில் ஓட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன், யாரும் திட்டவில்லை, ஆனால் ஆறு வீட்டு வாசலில் பேச்சு அப்படியே நின்றது. அதற்கப்புறம் ஓட்டினதில்லை.

இங்கே வருவதற்கு முன்னால் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே, 2012-இல், என் மனைவி ஒரு அடுக்குமாடியில் சின்ன ஸ்டுடியோ புக் செய்திருந்தாள். கட்டிடமே எழும்பாத நேரம், ஷோரூமில் மாதிரி அறை, பளபள விளக்கு, 28 கோடி ரூபியா. (இந்தக் கோடிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே எல்லாமே கோடிதான். வீட்டு விலை 110 கோடி என்று போனில் சொன்னபோது அம்மா "எங்கடா போய்க் கொள்ளையடிச்ச?" என்றாள்.) கையில் கிடைத்தது பிபிஜேபி என்கிற முன் ஒப்பந்தம் மட்டும். சாவி இரண்டு வருஷம் தாமதமாக வந்தது, தனி யூனிட்டுக்கான பட்டா கடைசி வரை வரவே இல்லை. மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் கேட்டு வந்தது. சுற்றி அதே மாதிரி இன்னும் நாலு டவர் எழும்பிவிட, வாடகைக்கு ஆள் பிடிப்பதே போராட்டமாகிவிட்டது. கடைசியில் 21 கோடிக்குத் தள்ளிவிட்டோம். வாங்கினவரும் எங்களைப் போலவே ஒப்பந்தக் காகிதத்தைத்தான் வாங்கிக்கொண்டு போனார், பாவம்.

சரி, அடுத்தது எல்லாரும் கேட்கிற கேள்வி. வெளிநாட்டுக்காரன் நிலம் வாங்க முடியுமா? 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ஹாக் மிலிக் என்கிற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். தங்கும் அனுமதி இருக்கிற வெளிநாட்டவருக்கு ஹாக் பாக்காய் என்கிற பயன்பாட்டு உரிமை உண்டு, காலவரையறையோடு, அதுவும் குறைந்தபட்ச விலை வரம்புக்கு மேல் இருக்கிற வீட்டுக்கு. சந்து வீட்டுக்கெல்லாம் அந்த வழி ஒத்துவராது. "நம்பிக்கையான உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப் போடு, தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்" என்று யோசனை சொல்ல பத்துப் பேர் வருவார்கள். தயவுசெய்து வேண்டாம். அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு அப்படிப்பட்ட கைமாற்றம் செல்லாது என்கிறது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

என் விஷயத்தில் மனைவி இந்தோனேசியக் குடிமகள், ஆனால் அதுவும் நேர்வழியாக இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் சேர்க்கிற சொத்து இருவருக்கும் பொது என்பது இங்கத்திய சட்டம், பொது என்றால் அதில் வெளிநாட்டுக்காரனான எனக்கும் பங்கு, எனவே அவளும் முழு உரிமை நிலம் வைத்திருக்க முடியாது. சொந்த நாட்டில், சொந்தச் சம்பளத்தில்! சொத்துப் பிரிப்பு ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்றார்கள், 2013-இல் கல்யாணம் செய்த எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2016 அக்டோபரில்தான் அரசியல் சாசன நீதிமன்றம் கல்யாணத்துக்குப் பிறகும் செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருஷமே நோட்டாரிஸ், அதாவது நோட்டரி, முன்னால் கையெழுத்துப் போட்டுப் பதிவும் செய்தோம். ஆக, இது என் வீடு என்று நான் எழுதுவதெல்லாம் பேச்சு வழக்குக்குத்தான். காகிதப்படி நான் மனைவி வீட்டில் ஒண்டிக் குடித்தனம்.

2018-இல் வீடு தேட ஆரம்பித்தோம். மேற்கே சிட்ராலாண்டுக்கும் போய்ப் பார்த்தோம், "சுரபாயாவின் சிங்கப்பூர்" என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற நகரியம், சிங்கத் தலை மீன் சிலைகூட வைத்திருக்கிறார்கள். அகலமான தெரு, மரம், அமைதி. அந்த அமைதிதான் மனைவிக்குப் பிடிக்கவில்லை. விலை எங்கள் கைக்கு எட்டவில்லை என்பது தனிக்கதை.

அப்புறம் ஒரு தரகர் ங்காகெல் பக்கம் ஒரு வீடு காட்டினார். பழைய காலத்து உயரமான கூரை, முன்னால் மாமரம், கார் நிறுத்த இடம், விலையோ அந்தப் பகுதி நிலவரத்தில் ஏறக்குறைய பாதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்வான்ஸ் கொடுக்கப் போகிற அன்று மனைவியின் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு விற்பவரிடம் ஒரே கேள்வி கேட்டார்: "சூரத் இஜோ?" விற்பவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சூரத் இஜோ என்றால் பச்சைக் கடிதம். சுரபாயாவுக்கே உரிய தலைவலி இது. நிலம் மாநகராட்சியுடையது, டச்சு நகராட்சி காலத்திலிருந்து கைமாறி வந்தது என்பது அவர்கள் வாதம். மேலே இருக்கிற கட்டிடம் மட்டும் குடியிருப்பவருடையது. நிலத்தைப் பயன்படுத்த அனுமதிச் சீட்டு, அதன் பச்சை நிறத்தால் வந்த பெயர். ங்காகெல், பிராதாங், ஜாகிர், பெராக் என்று பல இடங்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் இப்படி. மூன்று தலைமுறையாக இருப்பவர்கள் வருஷாவருஷம் மாநகராட்சிக்கு நிலக் கட்டணமும் கட்டுகிறார்கள், சொத்து வரியும் கட்டுகிறார்கள், இரண்டு தடவை எதற்கு என்று பல வருஷமாகப் போராடுகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் நியாயம் கிடைக்கும் என்று நம்பிப் பணம் போட நான் தயாராக இல்லை. திரும்பி வரும் வழியில் பெரியப்பா, "மாமரம் நல்ல மரம்தான்" என்றார், அவ்வளவுதான் சொன்னார்.

கடைசியில் கிடைத்ததுதான் இந்தச் சந்து வீடு. 96 சதுர மீட்டர், ஹாக் மிலிக், 110 கோடி. மெயின் ரோட்டிலிருந்து நாற்பது அடி உள்ளே வந்ததற்கே விலை இவ்வளவு இறங்குகிறது, காரணம் கார் வராது. நாங்கள் கேட்ட வங்கி கடன் தர மறுத்ததும் அதே காரணத்துக்குத்தான், கார் நுழையாத வீட்டை ஏலத்தில் விற்பது கஷ்டமாம். மனைவியின் சேமிப்பு, அவள் அம்மாவின் நகை, என் பங்கு எல்லாம் சேர்த்து ரொக்கமாகத்தான் முடித்தோம். பட்டாவை நிலப் பதிவு அலுவலகத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபியாகூடக் கொடுக்காதீர்கள், அதை நோட்டாரிஸே செய்து தருவார். வாங்குபவருக்கு 5 சதவீத வரி, விற்பவருக்கு 2.5. எங்களுக்குக் கழிவு போக 5 கோடி சொச்சம் ஆனது. விற்பவரின் வரியையும் நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விலை பேசும்போதே தெளிவாகப் பேசிவிட வேண்டும்.

இந்தச் சந்துகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு, அது தெரிந்தபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. பல ஊர்களில் இப்படிப்பட்ட நெருக்கமான குடியிருப்புகளை இடித்துத் தள்ளினபோது, சுரபாயா காம்போங் என்கிற அந்தக் குடியிருப்புகளை இருக்கிற இடத்திலேயே வைத்து நடைபாதை, சாக்கடை, தண்ணீர், குளியலறை என்று சரிசெய்தது. ஐடிஎஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியர் ஜோஹான் சிலாஸ் இதில் முக்கியமானவர். வடக்கே இருக்கிற காம்போங் கெபாலென் மேம்பாட்டுக்கு 1986-இல் ஆகா கான் கட்டடக்கலை விருதே கிடைத்தது. கல் பதித்த ஒரு சந்தும் மூடி போட்ட சாக்கடையும் உலக விருது வாங்கின ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, கறுப்புச் சகதியை வாளியில் அள்ளுகிற கூட்டுவேலையில் நானும் நிற்கிறேன். வராதவர்கள் பலகாரச் செலவை ஏற்கவேண்டும் என்பது எழுதாத விதி.

சந்தின் தலைவர் பாக் எர்தே, அதாவது எங்கள் சில பத்து வீடுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். எர்தே என்கிற இந்த அக்கம்பக்க அமைப்பே ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஆளைக் கண்காணிக்க வந்தது, இப்போது குப்பைப் பணம் முதல் கல்யாணப் பந்தல் வரை எல்லாம் அதன் வழியாகத்தான். விருந்தாளி தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும். இரவு பத்து மணிக்கு நுழைவாயில் பூட்டு. மாடியில் அறைகள் கட்ட ஆரம்பிக்கும் முன்னால் அவரிடம் போனேன், பெண்களுக்கு மட்டும், ஆண் விருந்தாளி மாடி ஏறக்கூடாது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எனக்கு முதலில் எரிச்சல்தான். ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு பைக்கூடத் திருட்டுப் போகவில்லை, நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற நர்ஸுக்கு யாராவது எழுந்து போய்ப் பூட்டைத் திறந்துவிடுகிறார்கள். என் ஐந்து அறைகளும் நிறைந்திருப்பதற்கு நான் போட்ட டைல்ஸ் காரணமில்லை.

இனி கணக்கு. மாடி கட்ட 32 கோடி, ஆக மொத்தம் 147 கோடி. அறைக்கு மாதம் 13 லட்சம், ஐந்து அறை, வருஷத்துக்கு 7.8 கோடி வரவேண்டும். லெபாரான் என்கிற நோன்புப் பெருநாள் சமயத்தில் பாதிப் பேர் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், செமஸ்டர் விடுமுறை இருக்கிறது, மின்சாரம், தண்ணீர், சுத்தம் செய்கிற அக்காவுக்குச் சம்பளம், வருஷத்துக்கொரு ஏசி பழுது. கையில் நிற்பது 5.5 கோடி, நாலு சதவீதத்துக்கும் கீழே. நாங்கள் வாங்கின நேரத்து வட்டி விகிதத்தில் வங்கி வைப்பில் போட்டிருந்தால் வட்டியில் 20 சதவீத வரி போனபிறகும் இதைவிடக் கூட வந்திருக்கும். நாங்களே குடியிருப்பதால் மிச்சமாகிற வாடகையைச் சேர்த்தால்தான் கணக்கு நிமிர்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இங்கே வந்து குடியிருக்கப் போவதில்லை என்றால் வாங்காதீர்கள். தூரத்திலிருந்து மாதாமாதம் பணம் வரும் என்று யாராவது சொன்னால், அவரை ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் சந்துக்கு அனுப்பி வையுங்கள். முன்பணம் கட்டுகிற மீட்டரில் இருப்பு தீர்ந்தால் அது பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்கும், சந்து முழுக்கக் கேட்கும், யார் வீடு என்பதும் எல்லாருக்கும் தெரியும். தூக்கக் கலக்கத்தில் போனில் டோக்கன் வாங்கி, 20 இலக்க எண்ணை டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தட்டி, பதினெட்டாவது எண்ணில் தப்பாகி மறுபடி முதலிலிருந்து தட்டவேண்டும்.

இவ்வளவு சொன்னவன் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றால், பக்கத்து வீட்டையும் விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே இருந்த பாட்டி இறந்து இரண்டு வருஷம். பட்டா இல்லை, பெதோக் டி என்கிற பழைய நிலவரிச் சீட்டு மட்டும்தான். அந்த நிலத்துக்குப் பட்டா வாங்கலாம், ஆனால் வாரிசுகள் ஏழு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். ஆறு பேர் தயார். மூத்தவர் போர்னியோத் தீவில், பாலிக்பாப்பானில் இருக்கிறார், விற்கவே கூடாது என்கிறார். மனைவி "மாஸ், முதலில் 2200-ஐ 3500 ஆக்கு, அப்புறம் பக்கத்து வீட்டைப் பார்க்கலாம்" என்கிறாள். அந்த மூத்தவர் இந்த லெபாரானுக்கு வருகிறாராம், பாக் எர்தே டீக்குக் கூப்பிட்டிருக்கிறார்.