அட்டை, முடிச்சு, மெழுகுவர்த்தி: ஏடிஎச்டியோடு விக்கா பயில்வோருக்கான நாட்குறிப்பு

2024 அக்டோபர் 2, புதன். அமாவாசை, பிரிட்டன் நேரம் இரவு 7.49

தமிழில் சூனியம் என்றாலே யாருக்கோ 'வைப்பது' என்றுதான் காதில் விழும். இங்கே எழுதப்போவது அதைப் பற்றி இல்லை. இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டபின் ஜெரால்டு கார்ட்னர் வெளியில் கொண்டுவந்த விக்கா வழிபாட்டைப் பற்றியது. பிறருக்குத் தீங்கு செய்யாதே என்பது அதன் அடிப்படை நெறி.

கார்ட்னர் காலத்துச் சடங்கு ஒரு குழுவுக்காக அமைந்தது. ஒருவர் வட்டம் வரைவார், வேறொருவர் திசைகளை அழைப்பார், நடுவில் யாராவது மறந்தால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். இன்று பலர் தனியாகவே செய்கிறார்கள். இடத்தைச் சுத்தம் செய்வது, வட்டம், நான்கு திசை, தெய்வ அழைப்பு, மந்திர வேலை, உணவு, நன்றி, அழைத்த திசைகளை அனுப்புவது, வட்டத்தைத் திறப்பது என்று குழு செய்த அத்தனையும் ஒரே தலையில் இறங்குகிறது. ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) உள்ளவருக்குச் 'செய்துகொண்டிருக்கும்போதே நினைவில் வைத்திருக்கும்' திறன்தான் முதலில் கைவிடும். பக்தி குறைந்ததால் சடங்கு பாதியில் நிற்பதில்லை. எந்தப் படியில் இருக்கிறோம் என்பது மறந்துபோவதால் நிற்கிறது.

அதனால் படிகளை ஐந்தாகக் குறையுங்கள்: உப்புநீர் தெளி, திரி ஏற்று, சொல், அமைதியாக இரு, அணை. ஒவ்வொன்றையும் தனி அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அடுக்கி வையுங்கள். முடிந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தால் மேலே தெரிவதுதான் அடுத்த படி. ஒரே தாளில் பட்டியலாக எழுதினால் எந்த வரியில் இருக்கிறோம் என்பதை மறுபடியும் நினைவில் வைக்க வேண்டியிருக்கும். அட்டை அடுக்கில் அந்தச் சுமை இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மூடி உட்பட எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும், அதுவே பீடம். உள்ளே 100 கிராம் கல் உப்பு, ஒரு சிறிய பீங்கான் தட்டு, தீப்பெட்டி, பிறந்தநாள் கேக் மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட், அட்டைகள், முறுக்கிவிடும் சமையலறை டைமர். சமையலறைத் தீப்பெட்டியை இதற்குக் கடன் வாங்க வேண்டாம். அதைத் தேடி எழுந்தால் அடுப்படியில் வேறு வேலை பிடித்துக்கொள்ளும். நேரம் பார்க்கக் கைபேசியும் வேண்டாம். டைமரைப் பார்க்க எடுத்த கைபேசி அரை மணி நேரத்தை விழுங்கிவிடும்.

டீலைட் (சிறு உலோகக் கிண்ணத்தில் வரும் மெழுகுவர்த்தி) சுமார் 4 மணி நேரம் எரியும். அவ்வளவு நேரம் அதற்குப் பக்கத்தில் இருக்கப்போவதில்லை, மறந்து எழுந்துபோவது உறுதி. கேக் மெழுகுவர்த்தி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு உப்பைக் குவித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு அழுத்தி, நடுவில் அதை நடுங்கள். மெழுகு கசிந்து உப்பில் ஊறி வெள்ளைத் தழும்புபோல உறையும். திரி சாய்ந்து, சுடர் நீலமாகச் சுருங்கி, ஈர உப்பைத் தொட்டதும் 'சுர்' என்று அடங்கும். சடங்கு முடிந்ததா என்று யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை, மெழுகுவர்த்தியே சொல்லிவிடும்.

மெழுகுவர்த்தியில் எண்ணெய் தடவிக் காய்ந்த மூலிகையில் உருட்டுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது குபீரென்று பற்றும். மூலிகையைத் தட்டின் ஓரத்தில், சுடருக்கு எட்டாமல் தூவுங்கள்.

அக்டோபர் 10, வியாழன். வளர்பிறைப் பாதி

ஆர்வம் உச்சத்துக்குப் போகும் வாரம். கல், மூலிகை, டாரட் (குறி பார்க்கும் படச் சீட்டு) எல்லாமே ஒரே இரவில் வேண்டும்போல இருக்கும். ஒரு மாதத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். டாரட் என்றால் 78 சீட்டையும் மனப்பாடம் செய்யப் போகாதீர்கள். பெரிய அர்க்கானா எனப்படும் முக்கியச் சீட்டுகள் 22-ஐ மட்டும் பிரித்தெடுத்து, மீதி 56-ஐ வேறு அலமாரியில் வையுங்கள். நாளுக்கு ஒரு சீட்டு, அதற்கு ஒரு வரிக் குறிப்பு.

குறிப்புக்குத் தோல் அட்டை போட்ட அழகான நோட்டு வாங்காதீர்கள். முதல் பக்கம் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அது காலியாகவே கிடக்கும். வளையம் போட்ட ஃபைலில் தாளை எப்போது வேண்டுமானாலும் செருகலாம், கிழிக்கலாம், இடம் மாற்றலாம்.

அக்டோபர் 17, வியாழன். பௌர்ணமி, பகல் 12.26

இந்த ஆண்டில் பூமிக்கு மிக அருகில் வரும் முழுநிலவு. ஏடிஎச்டி மனதுக்கு 'இப்போது', 'இப்போதில்லை' என்று இரண்டே நேரங்கள் உண்டு. அதற்கு நிலவு நல்ல கடிகாரம், தலையைத் தூக்கினால் தெரியும். ஆனால் அலாரத்தைப் பௌர்ணமியன்று வைத்தால் தாமதமாகிவிடும். இரண்டு நாள் முன்பே வையுங்கள். முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்து மூன்று இரவுகளில் எதுவும் சரியே.

நிலவுநீர், அதாவது நிலவொளியில் ஓர் இரவு வைத்த தண்ணீர்: 250 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர், மூடி, தேதிச் சீட்டு, ஜன்னல் விளிம்பு. மேகம் இருந்தாலும் பரவாயில்லை. கற்களை உள்ளே போடாதீர்கள். செலனைட் நீரில் கரையும், மாலகைட்டில் செம்பு இருக்கிறது. பெரும்பாலும் பிழை நடப்பது மறுநாள்தான்: பாட்டிலை எடுக்க மறந்து, வாரக்கணக்கில் வெயிலில் நின்று பாசி பிடித்துவிடும். 'பாட்டில்' என்று எழுதிய அட்டையை இரவே பல் துலக்கும் பிரஷ்மீது சாய்த்து வையுங்கள். இந்த நீர் தரை துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் மட்டும். உப்புநீரைச் செடிக்கு ஊற்றினால் செடி வாடும், இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

அக்டோபர் 19, சனி

கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்து மனதில் காட்சியை உருவாக்குவதுதான் பெரும்பாலோருக்குக் கஷ்டம். அசையாத உடம்புக்குள் மனம் ஓடத் தொடங்கிவிடும். கைக்கு வேலை கொடுங்கள். காற்றை மூன்று முடிச்சில் கட்டி மாலுமிகளுக்கு விற்ற கதைகள் பிரிட்டன் கடற்கரைகளில் பழையவை, முடிச்சு மந்திரம் அந்த மரபில் வருவது.

4 மில்லிமீட்டர் தடிப்புள்ள பருத்திக் கயிறு, 75 சென்டிமீட்டர். இரண்டு விரல் இடைவெளியில் ஒன்பது முடிச்சு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேண்டுதலைச் சொல்லும் அதே ஒரு வாக்கியம். நூல் மெல்லியதானால் விரலுக்கு முடிச்சு தெரியாது, பிறகு அவிழ்க்கவும் முடியாது. முதல் முடிச்சு ஒரு முனையில், இரண்டாவது மறுமுனையில், மூன்றாவது நடுவில் என்று மாற்றி மாற்றிப் போடும் வரிசையைப் பலரும் சொல்லித் தருகிறார்கள். இங்கே அது வேண்டாம். ஒரு முனையில் தொடங்கி நேராகப் போங்கள். கவனம் சிதறி ஜன்னலுக்கு வெளியே போய்த் திரும்பினாலும் கயிற்றைத் தடவினால் ஐந்தா ஆறா என்று தெரிந்துவிடும். சிதறிய கவனத்தை நொந்துகொள்ளத் தேவையில்லை, அடுத்த முடிச்சைப் போட்டால் போதும்.

அக்டோபர் 27, ஞாயிறு

பிரிட்டனில் இன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும் நாள். மருந்து நேரமும் சடங்கு நேரமும் குழம்பும் வாரம் இது. ஏடிஎச்டிக்குத் தரப்படும் மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டில் குறுகிய நேரம் வேலை செய்யும் வகை ஏறக்குறைய 4 மணி நேரம்தான் தாங்கும். நீளமான சடங்கை அந்த நேரத்துக்குள் வையுங்கள், இரவில் செய்வதை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். மாத்திரைக்கு மந்திரம் மாற்றாகாது. மாத்திரையை எடுக்கும் நேரத்தில் உப்புக் கிண்ணத்தை ஒரு முறை தொட்டுவிட்டு விழுங்குவது, இரண்டையும் நினைவில் நிறுத்த நல்ல வழி.

மூலிகையை வயிற்றுக்குள் அனுப்பும் எதையும் மருந்தாளரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்னும் மூலிகை மனச்சோர்வு மருந்துகளோடும் கருத்தடை மாத்திரையோடும் மோதும். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ எண்ணெயைத் தொடவே வேண்டாம், அதற்கு அது விஷம்.

அக்டோபர் 31, வியாழன். சௌவின் விழா

நாளை பகல் 12.47-க்கு அமாவாசை, எனவே இன்று வானம் இருட்டு. இறந்தவரை நினைக்கும் இரவு. ஒரு ஆப்பிளைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். ஒரு பாதியைத் தட்டில் வைத்து, ஒரே ஒருவரின் பெயரைச் சொல்லி, மறுபாதியைச் சாப்பிடுங்கள். அவ்வளவே போதும், அது முழுமையானது.

விக்காவில் ஆண்டுக்கு எட்டு விழா, ஆறேழு வாரத்துக்கு ஒன்று. போன விழா தவறிப்போனதென்றால் அதற்கு ஈடாக இன்று இரண்டு செய்ய வேண்டாம். பாக்கி சேர்ந்தால் அடுத்ததும் தவறும். டிசம்பர் 21 என்று ஒரு அட்டையில் எழுதி டப்பாவின் மேலே வையுங்கள், அன்று அடுத்த விழாவான யூல்.

படுக்கப் போகுமுன் திரியை உப்பில் அழுத்தி, புகை அடங்கியதும் தட்டின் அடியைக் கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் கடைசி அட்டையைக் கவிழ்க்கலாம்.